பக்கவாசலில் சொல்ல வேண்டியது

தேதி எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாள்களிலிருந்தே உண்டு. எங்கள் தெருக் குழாயில் எந்தக் கிழமை தண்ணீர் வந்தது, ஆத்தூர் அணை எந்த மாதம் வற்றியது, மகளுக்கு முதல் பல் எப்போது விழுந்தது, எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி இருக்கிறது. திண்டுக்கல்லில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவளுக்கு இது தொழிலோடு வந்த வியாதி என்று என் கணவர் கேலி செய்வார். ஆனால் 1985-இல் எனக்கு வந்த தொந்தரவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயத்தினால் அல்ல. எழுதினால் நானே அதைப் படிக்க வேண்டும். அதற்கே கூசியது.

ஆகவே மற்றவற்றை வைத்துத்தான் இப்போது காலத்தைக் கணக்கிடுகிறேன். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது அந்த வருடம் செப்டம்பரில். எனக்குத் தொந்தரவு தொடங்கியது அதற்கு முந்திய கோடையில். மகள் நான்காம் வகுப்பு முடித்துவிட்டு விடுமுறையில் இருந்தாள். எனக்கு முப்பத்தொரு வயது.

வெள்ளைப்படுதல். இந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. பெண்களுக்குக் கொஞ்சம் இருப்பதுதான் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு அது கொஞ்சமாக இல்லை. அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் புடவையின் பின்புறத்தை இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரர் ஃபைல் கேட்டு அருகில் வந்தால், வாடை தெரியுமோ என்று நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். கோவிலுக்குப் போவதை விட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் வெயிலைக் காரணம் சொன்னேன்.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. நடுவில் முற்றம், சுற்றிலும் வாடகை வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய், மாடியில் ஒரே கொடி. திண்டுக்கல்லில் அந்த நாள்களில் தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் வளவு முழுக்கக் குடத்தோடு நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே என் துணிகளைத் தனியாக அலசுவது பெரும்பாடு. அலசியதைக் கொடியில் போட்டு, அதன்மேல் உள்பாவாடையை விரித்து மறைப்பேன். வெயிலே படாமல் அவை காய்ந்ததாகப் பேர் பண்ணும்.

இதுவரைக்கும் தொந்தரவுதான், பயமில்லை. பயம் வந்தது ஆனி மாதத்தில். கணவரும் நானும் சேர்ந்திருந்ததற்கு மறுநாள் காலை, மாதவிலக்குக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, ரத்தம் தெரிந்தது. படுக்கை விரிப்பிலும் இருந்தது. அவரும் பார்த்துவிட்டார். அவர் விரிப்பைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, வழக்கத்தைவிட முன்னதாகவே வேலைக்குக் கிளம்பினார். எங்கள் வளவின் கடைசி வீட்டில் இருந்த ஒரு அம்மாளுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வார்கள். கர்ப்பப்பைப் புற்று. மதுரைக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எனக்கும் அதுதானோ என்று அன்று முதல் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். என் மகள் ஒன்பது வயதுப் பெண்.

அன்று மாலை கணவரிடம், "கீழ சரியில்லைங்க. வைத்தியர்ட்டக் கேக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

"லேடி டாக்டர்ட்டப் போவமா?"

"வேணாம். வைத்தியர்ட்டச் சொல்லி நீங்களே வாங்கிட்டு வாங்க."

ஏன் வைத்தியர் என்றேன் என்பதற்கு அப்போது பெரிய காரணங்கள் வைத்திருந்தேன். நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பவள் நான். ஆயுர்வேத நூல்களில் பெண்களின் கர்ப்பவழி நோய்களை வாதம், பித்தம், கபம் என்று வகை பிரித்துத் தனியாகவே சொல்லியிருப்பதைப் படித்திருந்தேன். ஆங்கில மருத்துவம் ஓர் உறுப்பைப் பார்க்கிறது, ஆயுர்வேதம் முழு உடம்பையும் பார்க்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. லேடி டாக்டர் படுக்க வைத்துப் பார்ப்பார். வைத்தியர் பார்க்க மாட்டார். அவ்வளவுதான்.

பழனி ரோட்டில் இருந்த அந்த வைத்தியர் எங்கள் வீட்டுக்குப் பழக்கமானவர். அவருடைய அப்பா காலத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். தெரிந்த வீட்டு ஆண்கள் போய் இன்னாருக்கு இன்ன தொந்தரவு என்று சொன்னால், கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு மருந்து கட்டிக் கொடுத்துவிடுவார். பெண்கள் போக வேண்டியதில்லை. என் மாமியாரின் மூட்டுவலிக்கும் மகளின் சளிக்கும் அப்படித்தான் மருந்து வந்திருந்தது.

கணவர் சைக்கிளில் போய் வந்தார். ஒரு பாட்டில் கஷாயம், சூரணப் பொட்டலங்கள், கூடவே பத்தியம். புளி, மிளகாய், காப்பி மூன்றும் கூடாது. மோரும் பாசிப்பயறுக் கஞ்சியும் நல்லது. வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"பட்டினி கிடந்தா அதிகமாகுதான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"வேற?"

"புளிச்ச ஏப்பம் வருதான்னாரு." சொல்லும்போது அவர் சைக்கிளின் பெடலைக் காலால் சுற்றிக்கொண்டிருந்தார். "அதுக்கும் ஆமான்னுட்டேன்."

எனக்கு விசித்திரமாக இல்லை. இதுதான் இன்று நினைத்தாலும் தலையைக் குனிய வைக்கிறது. அரைகுறையாகப் படித்திருந்தது எனக்கு உடனே கை கொடுத்தது. பித்தம் ஏறினால் அது ஓரிடத்தில் நிற்காது, வயிற்றில் ஏப்பமாகவும் கீழே கசிவாகவும் வரும், வேரைப் பிடித்தால் எல்லாம் அடங்கும் என்று விளங்கிக்கொண்டேன். எத்தனை ஆழமான வைத்தியம் என்று வியக்கவும் செய்தேன்.

வியப்பை மனத்தோடு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் எதிர் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். விரல் தன் பாட்டுக்குப் போகும், வாய் தன் பாட்டுக்குப் போகும். ஒரு நாள் நான் கஷாயம் குடிப்பதைப் பார்த்து, "என்னத்துக்குத்தா இது?" என்று கேட்டார். "சூட்டுக்கு" என்றேன். அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்:

"பாவாடைக்கு அடியில காயுற துணி எனக்குத் தெரியாதாக்கும்? சொல்லு, வெள்ளைதானே?"

நான் முற்றத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். பிறகு, வெட்கத்தை மறைக்கத்தான் இருக்க வேண்டும், அவருக்கு ஒரு பாடமே நடத்தினேன். பித்தம், கபம், வேர், முழு உடம்பு. அவர் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இம்புட்டும் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"ஆமாக்கா."

"மோரைக் குடிச்சா அங்க வரைக்கும் போயிருமாக்கும்? அதுக்கு யாரு வழி சொல்றது?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. பத்தியத்தை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. சூரணம் வயிற்றை நன்றாக இளக்கியது. தண்ணீர் வராத வாரங்களில், வளவுக்கே பொதுவான கக்கூஸுக்கு நான் வாளியோடு ஓடிய ஓட்டத்தை எல்லோரும் பார்த்தார்கள். கெட்டது வெளியே போகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். எனக்கு எப்போதோ இருந்த லேசான நெஞ்செரிச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. சாப்பாடு நன்றாகச் செரித்தது. கசிவு மட்டும் அப்படியே இருந்தது. கணவர் கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கியிருந்தார். கேட்டால் புழுக்கம் என்றார்.

ஆடி கழிவதற்குள் மறுபடியும் ரத்தம். இந்த முறை ஒரு காரணமும் இல்லாமலே. அன்று அக்காவின் வாசலில் போய் உட்கார்ந்தேன். ரத்தம் பட்டதைச் சொன்னேன். அவர் முதல் முறையாகச் சேலையைக் கீழே வைத்தார்.

"கடைசி வீட்டு அம்மாவ நினைச்சுக்கிட்டு இருக்கியா?"

தலையசைத்தேன்.

"அது வருசக்கணக்கா மூடி வச்சுச்சு. நீ மூடாத. நாளைக்கு லீவு போடு. நான் கூட வாரேன்."

மறுநாள் அலுவலகத்துக்கு ஆள் மூலம் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். கணவரிடம் அக்காவோடு கடைக்குப் போவதாகச் சொன்னேன்.

அந்த லேடி டாக்டரின் கிளினிக் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். கூடத்தில் இரண்டு பெஞ்சு. பெண்களைக் கூட்டி வந்த ஆண்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா எல்லோரிடமும் என்ன தொந்தரவு என்று முன்பே மெதுவாகக் கேட்டு வைத்துக்கொள்வார். கூப்பிடும்போது மெதுவாகக் கூப்பிடுவதில்லை.

"வெள்ளைப்படுதுன்னு வந்தது யாருங்க? உள்ள வாங்க."

யாரும் எழவில்லை. நான் சுவரில் தொங்கிய குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்க, வெள்ளைப்படுறது யாரு?"

அக்கா என் விலாவில் இடித்தார். நான் எழுந்தேன். அதே நேரத்தில் இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெஞ்சிலிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள்.

"சந்தைக்கு வந்த மாதிரியில்ல வந்திருக்கீக, ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் நர்ஸம்மா.

திரைக்குப் பின்னால் இருந்த மேசையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. காலை மடக்கச் சொன்னார்கள், அகட்டச் சொன்னார்கள். பிரசவத்தின்போது வலியில் இதெல்லாம் தெரியவில்லை. இப்போது வலியே இல்லாமல், நல்ல நினைவோடு, பட்டப்பகலில். முந்தானையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா அதை எடுக்கச் சொல்லவில்லை. விளக்கை நகர்த்தினார், குளிர்ந்த ஏதோ ஒன்று உள்ளே போனது, "விடுங்க, இறுக்காதீங்க" என்றார். காலில் நகம் வெட்டாமல் வந்துவிட்டேனே என்று அந்த நேரத்தில் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

எழுந்து உட்கார்ந்த பிறகு அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குப்புறக் கவிழ்த்த சுரைக்காய் மாதிரி கர்ப்பப்பை, அதன் அடியில் வாய்.

"இந்த வாயச் சுத்திச் சிவப்பா இருக்கு. உள்ள இருக்க வேண்டிய மெல்லிசுத் தோல் வெளிய வந்து நிக்குது. தொட்டா ரத்தம் கசியும். வெள்ளையும் அதனாலதான். வாய்ப்புண்ணும்பாங்க. நெசத்துல புண்ணுகூட இல்ல, யாராலயும் வந்ததும் இல்ல."

"புத்து…" என்றேன்.

"பாக்கறதுக்கு அப்படித் தெரியல. ஆனா என் கண்ண மட்டும் நம்ப முடியாது. கொஞ்சம் தடவி எடுத்திருக்கேன். மதுரைக்கு அனுப்பிப் பாத்துத்தான் சொல்லணும். ஒண்ணுமில்லன்னு வந்தா கரண்ட்டு வச்சு லேசாச் சுட்டு விட்டுரலாம். இல்ல, தொந்தரவு பெருசா இல்லன்னா சும்மாவும் விடலாம். அது உங்க இஷ்டம்."

சுடுவது என்றதும் உடம்பு ஒடுங்கியது. "ஆயுர்வேதம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"சாப்பிடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. அவரு உள்ள பாத்தாரா?"

"இல்ல."

"யாரையாவது விட்டுப் பாக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"சரி. உங்களையாவது பாத்தாரா?"

நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கை கழுவப் போனார். அது அதட்டலைவிட உறைத்தது.

மதுரையிலிருந்து பதில் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. புற்று இல்லை என்று வந்தாலும் சுடத்தான் வேண்டுமா, கஷாயத்திலேயே ஆறுமா என்று வைத்தியரிடமே கேட்டுவிடுவது என்று தோன்றியது. கணவர் வேலை விஷயமாக வத்தலக்குண்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, மகளை அக்காவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் பழனி ரோட்டுக்குப் போனேன்.

முன்வாசலில் ஏழெட்டு ஆண்கள். இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். வைத்தியர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்கம்மா. வயித்துப் புண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"யாருக்கு ஐயா?"

"உங்களுக்குத்தான். உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரே. சாப்பிட்டா எரிச்சல், பட்டினி கிடந்தா எரிச்சல், புளிச்ச ஏப்பம். ஏன், கேக்கலையா மருந்து?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். மோர், பாசிப்பயறு, புளி கூடாது, காப்பி கூடாது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் விழுந்து விழுந்து வியந்த வேர் வைத்தியம் வெறும் வயிற்றுப் புண் வைத்தியம். நன்றாகவும் கேட்டிருக்கிறது. இல்லாத நோய்க்கு.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன புரிந்ததோ, "பக்கவாசல் வழியா உள்ள போங்க. என் தங்கச்சி இருக்கா" என்றார்.

பக்கத்தில் ஒரு சந்து. அதில் ஒரு வாசல் இருப்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் எங்கள் வீட்டு ஆண்கள் போய் வந்தது முன்வாசலுக்கு. உள்ளே சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு குத்துவிளக்கு, வெந்நீர்ப் பானை. வைத்தியரின் தங்கை ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். கஷாயப் பட்டைகளைச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து ரகசியமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு வழக்கம் இதுதான். பெண்களின் விஷயம் பக்கவாசலில் தங்கையிடம் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியதை அவர் பார்ப்பார். பார்த்ததை அண்ணனிடம் சொல்வார். மருந்து அப்புறம்தான்.

என்னிடம் அவர் கேட்ட கேள்விகளில் ஏப்பம் இல்லை. வெள்ளையா, மஞ்சளா, நூல் மாதிரியா, தண்ணி மாதிரியா, அரிப்பு உண்டா, புருஷனோடு இருந்தால் ரத்தம் வருமா. அவர் கேட்ட வேகத்தில் எனக்கு வெட்கப்பட நேரமில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதையும் மதுரைக்கு அனுப்பியிருப்பதையும் சேர்த்து. முடித்தபோது கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"இத உன் வீட்டுக்காரர் முன்வாசல்ல எப்படிச் சொல்லுவாரு? பாவம், பத்து ஆம்பளைக மத்தியில" என்றார். "நீயில்ல வந்திருக்கணும்."

"வைத்தியர் பாக்க மாட்டாருன்னுதான் இங்க அவர அனுப்பினேன்" என்று உளறிவிட்டேன்.

அவர் சுளகை நிறுத்தினார். "பாக்காம மருந்தாம்மா? இதுக்கு எங்க வைத்தியமே பட்டை போட்டுக் காய்ச்சின கஷாயத்தால உள்ள கழுவுறது. தைலத்துல நனைச்ச துணிய உள்ள வைக்கிறது. அப்படியும் ஆறலைன்னா சாம்பல்ல எடுத்த காரம் வச்சுச் சுடுறதுகூட எங்க ஏட்டுல உண்டு. இப்ப அதச் செய்யறவங்க குறைவு. உன் டாக்டரம்மா கரண்ட்டுல சுடுறேங்கிறாங்க, அம்புட்டுதான் வித்தியாசம். ரெண்டுக்கும் காலை மடக்கித்தான் ஆகணும்."

சுவரோரப் பெண்கள் சிரித்தார்கள். என்னை வைத்துத்தான். அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை, ஆனால் எனக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. நான் படித்து வைத்திருந்த முழு உடம்பும் வேரும் அந்தச் சின்ன அறையில் ஒன்றுமில்லாமல் போயின. அதே நூல்களைச் சொல்லித்தான் இந்த அம்மாள் துணியை நனைத்து வைக்கிறார். நான் படித்ததில் எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் உள்ளே போய் அண்ணனிடம் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து வைத்தியரின் குரல் வந்தது. "மதுரையிலருந்து பதில் வரட்டும். அதுக்கு முன்னாடி நான் ஒரு சொட்டுத் தைலம்கூடத் தரமாட்டேன். ஒண்ணுமில்லன்னு வந்தா எங்கிட்ட வந்தாலும் சரி, அங்க சுட்டுக்கிட்டாலும் சரி. வேற மாதிரி வந்தா ஒரு நாளும் இங்க தாமதிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கணவர் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்திருந்தேன்.

"வயித்துப் புண்ணுன்னா சொன்னீங்க?"

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போனது.

"போற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டேதான் போனேன். அங்க போனா நம்ம வளவுக்காரர் ஒருத்தர், மாமா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர், எல்லாம் உக்காந்திருக்காங்க. என்னன்னு சொல்றது? அதுக்குப் பேரு என்ன? நீயும் சொல்லல."

உண்மைதான். கீழே சரியில்லை என்று சொன்னதோடு சரி. ஒன்பது வயதுப் பெண்ணைப் பெற்றவர்கள் எங்கள் இருவரிடமும் அதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை.

"புண்ணுன்னு ஒண்ணு வாயில வந்துருச்சு. எங்கன்னு கேட்டாரு. வயித்துலன்னுட்டேன். அப்புறம் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினேன்." தரையைப் பார்த்தபடி, "என்னாலதான வந்துச்சு அது? நான் ஏதோ பண்ணிட்டேன்னு…" என்றார்.

அப்போதுதான் அவர் தரையில் பாய் போட்டுப் படுத்தது புழுக்கத்தினால் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து, என்னைக் காயப்படுத்தியவர் தான்தான் என்று அவர் யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் டாக்டரம்மாவிடம் போனதைச் சொன்னேன். மெல்லிசுத் தோல், தொட்டால் கசியும், யாராலும் வந்ததில்லை என்று அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து பதில் வர வேண்டும் என்பதையும், எதற்கான பதில் என்பதையும் கடைசியில் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

பதில் வந்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னபோது ஊர் தனி மாவட்டமாகிச் சில நாள்களே ஆகியிருந்தன. அலுவலகத்தில் எல்லோரும் புதிய பலகையைப் பற்றியும் புதிய முத்திரைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே பத்திரத்தில் பழைய மாவட்டத்தின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதி அடித்தேன். மாலை கணவரும் நானும் கிளினிக்குக்குப் போனோம். அவர் உள்ளே வர மறுத்தார். அவருக்கு வெட்கம் என்று நினைத்தேன். முன்வாசல் படியில் அவர் நின்ற நிற்பைப் பார்த்த பிறகுதான், அது பயம் என்று புரிந்தது.

டாக்டரம்மா தாளை ஒரு முறை பார்த்தார், என்னைப் பார்த்தார். "புத்து இல்ல. நல்லாருக்கு. அந்தச் சிவப்பு மட்டும்தான். தொந்தரவு இருக்கறதால அடுத்த விலக்கு முடிஞ்சதும் வாங்க, சுட்டுரலாம். பத்து நிமிசம்கூட ஆகாது. கொஞ்ச நாள் தண்ணியாப் போகும், பயப்படாதீங்க. வைத்தியர்ட்டப் பாக்கறதா இருந்தாலும் வருசத்துக்கு ஒரு தடவ இங்க வந்து தடவி எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அந்தத் தோலை இன்று பல மருத்துவர்கள் நோய் என்றே சொல்வதில்லை என்றும், பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள் என்றும் பின்னால் படித்தேன். நான் சுட்டுக்கொண்டேன், ஆறியது. கஷாயத்தில் கழுவியிருந்தாலும் ஆறியிருக்குமா என்று அக்கா உட்படப் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஆயுர்வேதத்தையும் சாப்பிட்டுப் பார்த்தவள் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு உரிமை இல்லை. என் நோயை அந்த வைத்தியம் பார்க்கவே இல்லை.

பதில் கேட்ட அன்று நான் வெளியே வந்தபோது கூடத்தில் இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தன. கணவர் படியை விட்டு உள்ளே வந்து நர்ஸம்மாவின் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். அவரால் கேட்க முடியவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"புத்து இல்லையாம்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பதிவு அலுவலகத்தில் பெயர் கூப்பிடுகிறவரைப் போன்ற குரலில் கேட்டார்:

"அப்ப வெள்ளைப்படுறது? அந்தக் கர்ப்பப்பை வாய்ல கரண்ட்டு வைக்கிறாகளே, அது உனக்கு வலிக்குமாம்மா?"

இரண்டு பெஞ்சும் திரும்பின. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோகலாம் என்றுகூட நினைத்தேன்.

"கொஞ்சம் வலிக்குமாம்" என்று அங்கேயே நின்று சொன்னேன்.